தோளுக்குப் பின்னால் நின்ற தச்சன்!

கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டியிலே ஏற்றிக் கொண்டிருந்தார்கள். தொண்டை வறண்டு, தேநீர்க் கடைப் பலகையிலே சாய்ந்து கிடந்தேன். பக்கத்திலே வந்து உட்கார்ந்தார் ஒரு தோழர். மேடைக்குப் பலகை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். தச்சர். ஐம்பதைத் தாண்டிய வயது. காதிலே செருகிய பென்சிலை எடுக்கக்கூட மறந்துவிட்டிருந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். மேடையிலே கேட்கிற சங்கதி இல்லை" என்றார்.

"கேளுங்கண்ணே" என்றேன்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் நியூஜெர்சியிலே ஓட்டல்லே சமையல் வேலை பார்க்கிறார். பையன் அங்கேயே காலேஜிலே மூணாவது வருஷம். டாக்டராகணும்கிறான். அந்த ஊரிலே டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முன்னாலே நாலு வருஷம் பி.ஏ., பி.எஸ்ஸி. முடிச்சே தீரணுமாம். ஒரு வருஷச் சம்பளம் மிச்சமாகுமே, பட்டத்தை முடிக்காமலே மனுப் போட்டா என்ன மாமான்னு கேட்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? நீங்க பத்திரிகைக்காரராச்சே?"

பத்திரிகைக்காரன்தான்! பள்ளியிறுதித் தேர்வோடு கல்விக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன். பட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கேட்டவர் தச்சர் ஆயிற்றே! தச்சர் கேட்ட கேள்விக்குத் தச்சர் ஒருவரின் வாழ்க்கையே விடையாக இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும், சிரிப்பு நின்றது. இரண்டாவது தேநீர் வந்தது. சொல்லத் தொடங்கினேன். அவருக்குச் சொன்னதைத்தான் தோழர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதி. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம். அங்கே ஒரு கறுப்பினத் தச்சர். அவருடைய மகன் விவியன் தாமஸ். 1910-ல் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே தந்தையின் பட்டறையிலே இழைப்புளி பிடித்தார், அளவு பிசகாமல் அறுக்கக் கற்றார். ஆனால் நெஞ்சிலே ஒரு நினைப்பு — மருத்துவர் ஆக வேண்டும்! கறுப்பினத்தாருக்கென இருந்த மிகச் சில மருத்துவக் கல்லூரிகளிலே ஒன்றான மெஹாரி, அதே நாஷ்வில் நகரிலேதான் இருந்தது. உயர்நிலைப் பள்ளி முடிந்தது. கல்லூரிச் சம்பளத்துக்காகச் சுத்தியல் அடித்துச் சம்பாதித்ததைக் காசு காசாகச் சேர்த்து வங்கியிலே போட்டார்.

1929! அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த ஆண்டு. முதலாளிகள் சூதாடினார்கள், வேலை போனது யாருக்கு? தச்சனுக்கு! சில மாதங்களிலே வங்கியும் கதவைச் சாத்திற்று. விவியனின் சேமிப்பு போயிற்று. கல்லூரி போயிற்று. மருத்துவக் கனவும் அத்தோடு போயிற்று என்றுதான் எவரும் சொல்லியிருப்பர்.

1930 பிப்ரவரியிலே, வயிற்றுப்பாட்டுக்காக, வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வாரத்துக்கு 12 டாலர் கூலி. மேலாளர் யார்? ஆல்பிரட் பிளேலாக் என்ற இளம் அறுவை மருத்துவர். சுறுசுறுப்பு மிக்கவர், சுடுசொல்லும் மிக்கவர். அடிபட்டவர்களும் குருதி இழந்தவர்களும் திடீரென்று துவண்டு மாண்டு போகிறார்களே, அந்த அதிர்ச்சி நிலைக்குக் காரணம் என்ன என்பது அவருடைய ஆராய்ச்சி. நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துச் சோதனை நடக்கும். தரை பெருக்க வந்த பையனுக்குப் பிளேலாக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். உடலமைப்பு, உடலியக்கம், வேதியியல் — கல்லூரியிலே காசு கொடுத்துக் கற்க வேண்டியதை எல்லாம் விவியன் ஆய்வுக்கூடத்திலே கற்றார். சில வாரங்களிலே தனியாகவே அறுவை செய்யும் அளவுக்குக் கை தேறிவிட்டது. ஏன் தேறாது? மரத்தின் நரம்பு பார்த்து உளி வைத்த கை அல்லவா அது!

பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் செய்யும் வேலையைச் செய்தார். ஆனால் பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவருடைய பதவி என்னவென்று எழுதியிருந்தது தெரியுமா? துப்புரவுத் தொழிலாளி! கூலியும் அந்தக் கணக்கிலேதான்.

துப்புரவுத் தொழில் இழிவு என்று சொல்லவில்லை நான். அப்படிச் சொல்பவன் வாயிலே மண் விழட்டும். அறுவை செய்பவனுக்குத் துடைப்பக் கணக்கிலே கூலி கொடுத்தார்களே, அந்தத் தந்திரத்தைத்தான் சொல்கிறேன். வேலையை வாங்கும்போது கையைப் பார்ப்பார்கள். கூலி கொடுக்கும்போது பட்டத்தைப் பார்ப்பார்கள், தோலின் நிறத்தைப் பார்ப்பார்கள். ஆலைத் தொழிலாளிக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

1941-ல் பிளேலாக், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அறுவைத் துறைத் தலைவராகப் போனார். விவியனையும் உடன் அழைத்துப் போனார். இங்கே சற்றே நிற்போம். ஏனெனில் தச்சர் கேட்ட கேள்வியின் வேர் இந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸிலேதான் கிடக்கிறது.

மருத்துவம் படிக்க வருகிறவன் முன்னதாகவே ஒரு கல்லூரிப் பட்டம் பெற்று வரவேண்டும் என்ற விதி, அமெரிக்காவிலே ஆதிநாள் தொட்டு இருந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டிலே அங்கே மருத்துவப் பள்ளிகள் பல, கடை விரிப்பது போல விரிக்கப்பட்டவை. நாலைந்து மருத்துவர்கள் கூடுவர், ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடிப்பர், சீட்டு விற்பர், சொற்பொழிவு நடத்துவர். ஒரு பருவம் கேட்ட அதே சொற்பொழிவை அடுத்த பருவமும் கேட்க வேண்டும், அவ்வளவே படிப்பு! ஆய்வுக்கூடம் இல்லை, நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகும் வாய்ப்பும் பல இடங்களில் இல்லை. காசு கொடுத்தவனெல்லாம் டாக்டர். அவன் கையிலே சிக்கியவனெல்லாம் பிணம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்!

இந்தச் சந்தையைத் திருத்த வேண்டும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. திறப்பதற்குப் பணம் போதவில்லை. மேரி எலிசபெத் காரெட் என்ற சீமாட்டி 3 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தார். ஆனால் நிபந்தனை விதித்துக் கொடுத்தார். ஆணுக்கு நிகராகப் பெண்ணையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அட, அருமையான நிபந்தனை! சேருவோர் எல்லோரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இப்படியாகத்தான், ஒரே கையெழுத்திலே, பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தது, ஏழைக்கு ஒரு கதவு சாத்திற்று.

அந்தக் கல்லூரியின் முதல் பேராசிரியர்களிலே பெரும் புகழ் பெற்றவர் வில்லியம் ஆஸ்லர். கனடா நாட்டவர். மேனாட்டு மருத்துவர்கள் இன்றும் குருவாகப் போற்றும் பெயர் அது. அவர் தம் உடன் பேராசிரியர் வெல்ச் என்பவரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம்: நல்லவேளை, நாம் பேராசிரியர்களாக உள்ளே வந்துவிட்டோம், மாணவர்களாக வந்திருந்தால் நமக்கு இங்கே இடம் கிடைத்திராது என்று! வேடிக்கையிலே உண்மையும் உண்டு. ஆஸ்லர் டொராண்டோவில் கலைக் கல்லூரியிலே சேர்ந்தவர், அந்தப் பட்டத்தை முடிக்காமலே இடையிலே விட்டு மருத்துவப் பள்ளிக்குப் போனவர். பட்டத்தை முடிக்காமல் மருத்துவம் படிக்கப் போனவர்தான் மேனாட்டு மருத்துவத்தின் மாபெரும் ஆசான்! அவர் கற்பித்த கல்லூரியிலேதான் பட்டமில்லாதவனுக்கு இடமில்லை!

பிறகு 1910-ல் வந்தது ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அறிக்கை. பிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், பள்ளி ஆசிரியர். கார்னகி அறநிலையத்தின் சார்பிலே அமெரிக்கா, கனடா இரண்டிலுமுள்ள 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதினார். போலிகளைப் பிய்த்துப் பிய்த்துக் காட்டினார். சேருகிறவனுக்குக் குறைந்தது ஈராண்டுக் கல்லூரிப் படிப்பாவது வேண்டும் என்றார். அறிக்கைக்குப் பின் பள்ளிகள் பல மூடப்பட்டன. மூடப்பட வேண்டியவை பல இருந்தன, அதிலே ஐயமில்லை. ஆனால், அன்றிருந்த கறுப்பினத்தாருக்கான ஏழு மருத்துவப் பள்ளிகளிலே ஐந்து மூடப்பட்டு, ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின! அந்த ஐந்தும் திறந்தே இருந்திருந்தால் 2019-க்குள் கூடுதலாக 35,000-க்கு மேற்பட்ட மருத்துவர்கள் பட்டம் பெற்றிருக்கக்கூடும் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. கறுப்பின மருத்துவர்களுக்குத் தான் இழைத்த தீங்குகளுக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008-ல் மன்னிப்புக் கேட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து!

ஈராண்டு என்றது மூன்றாண்டு ஆயிற்று. மூன்றாண்டு என்றது நான்காண்டுப் பட்டம் ஆயிற்று. வாசற்படி ஒவ்வொன்றாக உயர்ந்தது. படி உயர உயர, ஏறக்கூடிய கால்கள் எவை? காசு கட்டிய கால்கள்!

சரி, மீண்டும் பால்டிமோருக்குப் போவோம். 1941. விவியன் தாமஸ் வெள்ளைச் சட்டை அணிந்து ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்திலே நடந்தால், திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த மருத்துவமனையிலே கறுப்பர் என்றால் துடைப்பம் ஏந்தியவர். வெள்ளைச் சட்டை அணிந்தவரை அவர்கள் கண்டதில்லை.

1943-ல் ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர், பிளேலாக்கிடம் ஒரு வேண்டுகோளோடு வந்தார். அந்த அம்மையார் கதையும் ஒரு வாசற்படிக் கதைதான். அவர் படிக்க விரும்பிய காலத்திலே ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி சொன்னது: வகுப்பிலே உட்காரலாம், பெண்ணுக்குப் பட்டம் மட்டும் தரமாட்டோம் என்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சேர்த்துக் கொண்டதால் மருத்துவரானார். காரெட் சீமாட்டியின் முதல் நிபந்தனை வீண் போகவில்லை, பாருங்கள்.

டாசிக் கொண்டு வந்தது நீலக் குழந்தைகளின் துயரம். சில குழந்தைகள் இதயத்திலே நான்கு கோளாறுகளோடு பிறக்கின்றன. குருதி நுரையீரலுக்குப் போதுமான அளவு போவதில்லை. உயிர்க்காற்று ஏறாத குருதி உடலெங்கும் ஓடும். உதடு நீலம், நகக்கண் நீலம். நாலடி நடந்தால் மூச்சு முட்டிக் குந்திவிடும் குழந்தை. தாயின் கண்ணெதிரே கருகிப் போகும். மருந்து இல்லை. இதயத்தைக் கத்தி தொடலாகாது என்று எண்ணப்பட்ட காலம் அது. குழாய்க்காரர் குழாயை மாற்றிப் பூட்டுவது போல, குருதிக் குழாயை மாற்றிப் பூட்டி நுரையீரலுக்குக் கூடுதல் குருதி அனுப்ப முடியாதா என்று கேட்டார் டாசிக்.

கேட்டது பிளேலாக்கிடம். செய்து காட்ட வேண்டிய பொறுப்பு வந்தது விவியனிடம்! முதலில் ஒரு நாயை அந்த நீலக் குழந்தையின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதைச் சரிப்படுத்திக் காட்ட வேண்டும். இரண்டாண்டுக்கு அருகே உழைத்தார். ஏறத்தாழ 200 நாய்கள். கைக்குப் போகும் குருதிக் குழாயை அறுத்துத் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு இணைத்துத் தைக்கும் முறையைக் கண்டார். அத்தனை சிறிய குழாயைத் தைக்க ஏற்ற கருவிகள் கிடைக்கவில்லை. இருந்த கருவிகளை அவரே திருத்தி அமைத்தார். இங்கேதான் தச்சர் தோழர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அதானே! ஆயுதம் சரியா அமையலேன்னா நாமதானே தீட்டிக்கணும்" என்றார்.

1944, நவம்பர் 29. அறுவைக் கூடத்து மேசையிலே 15 மாதப் பெண் குழந்தை. கையகல உடல். கத்தி பிளேலாக் கையிலே. அவரோ, இந்த இணைப்பைச் செய்து பழகியது ஒரே ஒரு முறை, அதுவும் நாயிடம். நூற்றுக்கு மேல் செய்து தேர்ந்த கை வேறொருவருடையது. அந்தக் கைக்கு நோயாளியைத் தொட உரிமை இல்லை. மருத்துவப் பட்டம் ஏது? கல்லூரிப் பட்டமே இல்லையே!

பிளேலாக் நேர்மையுள்ளவர், விவியனைக் கூப்பிட்டு அனுப்பினார். அறுவைக் கூடத்திலே, பிளேலாக்கின் வலத் தோளுக்குப் பின்னால், ஒரு சிறு படிப்பலகை போட்டு அதன்மேல் நின்றார் தச்சன் மகன். மாடத்திலே மருத்துவர்கள் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தனர். இந்தத் தையல் போதுமா? இன்னும் நெருக்கமாகப் போடட்டுமா? ஊசி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? துறைத் தலைவர் கேட்கக் கேட்க, பதிவேட்டிலே கீழ்வரிசையிலிருந்தவர் தோளுக்கு மேலே சொல்லிக் கொண்டே இருந்தார்.

குழந்தை பிழைத்தது. சில மாதங்களுக்குப் பின் அது இறந்து போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழி பிறந்துவிட்டது. மூன்றாவது அறுவையிலே, மேசைமேல் கிடந்த சிறுவனின் நீல உதடு கண் பார்த்துக் கொண்டிருக்கும்போதே சிவந்தது. நாடெங்குமிருந்து நீலக் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு தாய்மார் பால்டிமோருக்கு ஓடி வந்தார்கள்.

1945 மே மாதம் மருத்துவ இதழிலே கட்டுரை வந்தது. எழுதியவர்கள்: பிளேலாக், டாசிக். அந்த அறுவைக்கு வழங்கிய பெயரும் பிளேலாக்-டாசிக். தாமஸ்? தேடிப் பாருங்கள், கட்டுரையிலே பெயரில்லை! பலகைமேல் நின்றவர், பலகையைப் போலவே மறக்கப்பட்டார்.

கேளுங்கள் இன்னும் கொடுமையை. சம்பளம் போதாமல், விருந்துகளிலே மது ஊற்றிக் கொடுக்கும் வேலைக்குப் போனார் விவியன். பிளேலாக் வீட்டு விருந்துகளிலும் ஊற்றினார். பகலிலே எந்த மருத்துவர்களுக்குத் தையல் போடக் கற்றுக் கொடுத்தாரோ, மாலையிலே அவர்களுக்கே கோப்பை நீட்டினார்! 1946-ல் பேச்சு நடந்த பிறகுதான் ஊதியம் உயர்ந்தது. ஆய்வுக்கூட உதவியாளர்களிலேயே மிகுந்த ஊதியம் பெறுபவரானார்.

அதற்குப் பிறகுதான், தோழர்களே, நம் தச்சர் மருமகப் பிள்ளை கேட்ட கேள்வியை விவியன் தாமசும் கேட்டார். பழைய கனவு அவரை விடவில்லை. பால்டிமோரில் கறுப்பினத்தார் படித்த கல்லூரி ஒன்றை அணுகினார். பதினைந்தாண்டுக்கு மேல் ஆய்வுக்கூடத்திலே கற்றேனே, அதைப் படிப்பாகக் கணக்கிலே கொள்வீர்களா என்று கேட்டார். கணக்கிலே வராது என்றார்கள். முதலாண்டு வகுப்பிலே, புதிதாக வரும் பையன்களோடு உட்கார்ந்து முதற் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கல்லூரிப் பட்டம், அதன்மேல் மருத்துவப் பட்டம், இரண்டும் முடியும்போது வயது 50 ஆகிவிடும். வீட்டிலே மனைவி, வளரும் இரு பெண் குழந்தைகள். ஆசையை மடித்து வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

அந்த ஒரு கல்லூரியை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். விதியை எழுதியவர்கள் அவர்கள் அல்லர். பட்டம் பெற்றிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? தோளுக்குப் பின்னால் நின்று அவர் சொல்லிக் கொடுத்த அந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸிலே, கறுப்பின மாணவர் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தது 1967-ல்தான்! வாயிலுக்குப் பூட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குப் பெயர் பட்டம், மற்றொன்றுக்குப் பெயர் நிறம்.

இவ்வளவு கேட்ட பிறகு ஓர் எதிர்க்கேள்வி எழும். எழ வேண்டும். அப்படியானால் படிப்பே வேண்டாமா? சுத்தியல் பிடித்தவனெல்லாம் கத்தி பிடிக்கலாமா? யாரையா அப்படிச் சொன்னது! விவியன் படித்தவர். பட்டதாரிகள் பலரினும் மிகுதியாகப் படித்தவர். படிக்காத மேதை என்று அவரைப் பாராட்டினால் அது பாராட்டல்ல, வசை. உயிரைத் தொடுகிறவனுக்கு அறிவு வேண்டும், பயிற்சி வேண்டும், தேர்வும் வேண்டும். அதை அளக்க எந்தக் கோல், அந்தக் கோலை எவன் வாங்க முடியும் என்பதுதான் வழக்கு.

பிரிட்டனிலே பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளை நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது. ஐந்து அல்லது ஆறு ஆண்டு. நம் நாட்டிலும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எம்.பி.பி.எஸ்.; பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அப்படிப் படித்த நம் பிள்ளைகள் அமெரிக்கத் தகுதித் தேர்வு எழுதி, அங்கே பயிற்சி முடித்து மருத்துவம் பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்களிலே ஏறத்தாழ நாலில் ஒருவர் வெளிநாட்டிலே மருத்துவம் படித்தவர். வெளியே படித்து வந்தவரிடம் கேட்காத பி.ஏ. பட்டத்தை உள்ளூர்ப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்! கனடாவின் கியூபெக் மாநிலத்திலே, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள ஈராண்டுக் கல்லூரி முடித்தவர்களை மருத்துவப் படிப்புக்கு எடுத்துக் கொள்கிறார்கள். அமெரிக்காவிலேயே மிசூரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகம், 1971 முதல், பள்ளி முடித்த பிள்ளைகளைச் சேர்த்து ஆறே ஆண்டிலே இரு பட்டமும் தருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கு மருத்துவர் வேண்டும் என்றதும், விடுமுறையை வெட்டி, நாலாண்டு மருத்துவப் படிப்பை மூன்றாண்டிலே முடித்துக் கொடுத்தார்கள். தேவை வந்தால் படி தாழும். ஏழைக்காகத் தாழ்வதுதான் அரிது.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் மருத்துவமனையைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் நார்த்பீல்டு பெண்கள் பள்ளியிலே படித்தவர். திண்டிவனத்திலே ஒரே இரவில், பேறுகாலத் துன்பத்திலிருந்த மூன்று பெண்களுக்கு, ஆண் மருத்துவரை அழைக்க மறுத்த குடும்பங்களின் காரணத்தால் உதவி கிட்டாமல் உயிர் போனதைக் கண்டு மருத்துவம் படிக்கத் துணிந்தவர். 1899-ல் கார்னெல்லிலே மருத்துவப் பட்டம் பெற்றார். 1918-ல் வேலூரிலே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பட்டதாரிப் பெண்களுக்கு அவர் எங்கே போவார்? பள்ளி முடித்த பெண்களைச் சேர்த்து எல்.எம்.பி. ஆக்கினார். பழைய ஊர்களிலே 'எல்.எம்.பி. டாக்டர்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எல்.எம்.பி.தான். 1946-ல் போர் குழு, எல்லோரும் ஒரே பட்டம் பெற வேண்டும், எல்.எம்.பி. வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கிராமத்துக்கு வைத்தியம் யார் பார்ப்பது என்று அந்தக் குழுவிலேயே சிலர் மறுப்பு எழுதினார்கள். நம் ஊர் வாயில்களைப் பற்றி வேறு நாள் பேசலாம். இன்றைக்குப் பையன் இருப்பது நியூஜெர்சியிலே.

பையனுக்கு என்ன சொல்வது? தச்சரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, மனுப் போடுவது வேறு, சேருவது வேறு. மனுப் போடும் நாளிலே பட்டம் கையில் இருக்க வேண்டுமென்று இல்லை. அங்கே பிள்ளைகள் படித்துக் கொண்டிருக்கும்போதே, ஓராண்டு முன்னதாகவே மனுப் போடுகிறார்கள். சேரும் நாளிலே பட்டம் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளின் விதி. முடிக்காமலே சேர்த்துக் கொள்ளும் கல்லூரிகளும் சில இருக்கின்றன. 90 கிரெடிட், அதாவது ஏறக்குறைய மூன்றாண்டுப் படிப்பும், உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களும் போதும் என்று அவற்றின் ஏட்டிலே எழுதியிருக்கும். ஆனால் ஏட்டிலே இருப்பது வேறு, நடப்பது வேறு. ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் மனுப் போடுகிறார்கள், சேருவது சுமார் 23,000 பேர். பட்டம் முடித்தவனே வரிசையிலே நிற்கும்போது, முடிக்காதவனை எடுப்பது மிக மிக அரிது. எம்கேட் தேர்விலே மிக உயர்ந்த எண் வேண்டும். அதற்கும் மேலே ஏதாவது வேண்டும்."

"அப்போ ஒரு வருஷச் சம்பளம்?"

"அதற்கு வேறு வழி பார்க்கலாம். சில கல்லூரிகள் மருத்துவக் கல்லூரியோடு பேசி வைத்து, மூன்றாண்டு இங்கே, அடுத்து மருத்துவக் கல்லூரியின் முதலாண்டையே நாலாவது ஆண்டாகக் கணக்கிட்டுப் பட்டம் கொடுக்கின்றன. பையனுடைய கல்லூரியிலே அந்த ஏற்பாடு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், இரண்டு பருவத்திலே படிப்பதைக் கோடையிலும் சேர்த்துப் படித்துச் சீக்கிரம் முடிக்கலாம். பட்டத்தை அந்தரத்திலே விட்டுவிட்டு மட்டும் போக வேண்டாம். இடம் கிடைக்காமல் போனால், அதுவுமில்லை இதுவுமில்லை என்று ஆகிவிடும். பணக்காரன் பிள்ளை தவறி விழுந்தால் மெத்தையிலே விழுவான். சமையற்காரர் பிள்ளை விழுந்தால் தரை!"

இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்தியது. வாயிலைக் கண்டிக்கும் நானே, வாயிலுக்குக் கட்டுப்படு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேனே! ஆனால் இன்னொருவன் பிள்ளையின் வாழ்வை வைத்து நான் வீரம் பேசலாகாது. அங்கே கடன்பட்டுப் படிக்கும் மருத்துவ மாணவர், படிப்பு முடியும்போது சுமக்கும் கடன் நடுவாகப் பார்த்தால் சுமார் 2 லட்சம் டாலர். மருத்துவ மாணவர்களிலே சரிபாதி அளவினர், நாட்டு வருமானத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தவர். அந்தப் பாதிக்குள்ளே நம் பையன் இல்லை. 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு 100 கோடி டாலர் நன்கொடை வந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியிலே சம்பளம் இல்லை என்று அறிவித்தார்கள். வரவேற்கிறேன், மனமாரவே வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சலுகை தொடங்குவது மருத்துவக் கல்லூரி வாசலிலே. அதற்கு முந்திய பட்டத்தின் செலவுக்கு யார் பொறுப்பு?

தச்சர் வெகுநேரம் பேசவில்லை. கடைக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கினார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக் கொண்டு கேட்டார்:

"கடைசிவரைக்கும் அந்த ஆளுக்கு டாக்டர் பட்டம் குடுக்கவே இல்லையா தம்பி?"

கொடுத்தார்கள் என்றேன். அவரிடம் தொழில் கற்றுப் பின்னாளிலே பெரும் பெயர் பெற்ற அறுவை மருத்துவர்கள் கூடி, 1971-ல் அவர் உருவப்படத்தை வரையச் செய்து, பிளேலாக் படம் தொங்கும் அதே மருத்துவமனையிலே மாட்டச் செய்தார்கள். 1976-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது; ஆசிரியர் பதவியும் அளித்தது. அப்போது அவருக்கு வயது 66-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. அதன் பிறகு மாணவர்கள் அவரை 'டாக்டர் தாமஸ்' என்று அழைக்க முடிந்தது. 1985-ல் மறைந்தார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு அச்சாகி வந்தது அவர் கண்மூடிய சில நாட்களில். அந்த அறுவைக்கு இப்போது பிளேலாக்-தாமஸ்-டாசிக் என்று மருத்துவ ஏடுகளிலே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் குடும்பத்து அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருவர் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸிலே படித்து, அவர் பயிற்றுவித்தவர்களிடமே பயின்று, மருத்துவரானார்.

"ஆனா அண்ணே, ஒரு சங்கதி. 1976-லே கொடுத்தது மருத்துவ டாக்டர் பட்டம் இல்லை. ஏதோ விதி குறுக்கே நின்றதாம். சட்டத்துக்கான டாக்டர் பட்டம்தான் கொடுத்தார்கள்."

"இருதயத்தைத் தைச்சவனுக்கு வக்கீல் பட்டமா!" என்றார் தச்சர். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, நியூஜெர்சியிலே இப்போது மணி என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டார்.